பதினாறாம் சேனலில் சொன்னது

உட்காருங்கள், வக்கீலம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். டீ வருகிறது.

ஆட்டோவில் இருப்பது யார்? டெல்பினா? ஏன் இறங்கவில்லை? பிள்ளை மடியில் தூங்குகிறதா. சரி, தூங்கட்டும். எழுப்ப வேண்டாம்.

எனக்கு வளர்த்திப் பேசத் தெரியாது. கிளீட்டஸும் அவனோடு போன மூன்று பேரும் மீன்பிடிக்காரர்கள். பனவிளைக்காரர்கள். இங்கிருந்து இரண்டு கல். பவுடர் கடத்தினவர்கள் இல்லை. அவர்கள் வள்ளத்தை ஒரு ஹெலிகாப்டர் சுட்டுக் கொளுத்தியது. நான் பார்த்தேன். அதைத்தானே டைப் அடித்துக் கொண்டு வந்திருக்கிறீர்கள்? வாசியுங்கள்.

ம்.

‘மத்தியாஸ், வயது அறுபத்தெட்டு, சமுத்திர மாதா விசைப்படகின் ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டிச் செல்பவர்.’ அது நல்லது. டில்லியில் இருக்கிறவனுக்கு ஸ்ராங்கு என்றால் தெரியாது. ஆனால் ‘ஸ்ராங்காக இருந்தவர்’ என்று போடுங்கள். இப்போது கடலுக்குப் போவதில்லை. ஏன் போகவில்லை என்று கோர்ட்டு கேட்காது இல்லையா? கேட்டால் முட்டுவலி என்று சொல்லுங்கள்.

அடுத்த பேப்பர் என்ன? ஹெலிகாப்டரை அனுப்பின கப்பல்காரர்களின் பதிலா? தமிழில் சொல்லுங்கள்.

‘நம்பகமான உள்ளூர்த் தகவலின் பேரில், போதைப்பொருள் ஏற்றிச் சென்ற படகு ஒன்று பொதுக்கடலில் அழிக்கப்பட்டது. கடத்தல்காரர்கள் நால்வர் இறந்தனர்.’

அவ்வளவுதானா? நாலு பேருக்கும் பேர் கிடையாதா?

எழுதிக்கொள்ளுங்கள். கிளீட்டஸ். ஆன்றோஸ். ஜெறால்டு. சுபின். சுபினுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. சுடுகிறவன், சுடுவதற்கு முன்னால் பேர் கேட்க வேண்டாமா? பேர் கேட்காமல் ஒரு மனுஷனைத் தண்டிக்க எந்த நாட்டில் சட்டம் இருக்கிறது? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்.

என்னை ஒரு தீவுக்காரன் பிடித்தான். இருபது வருஷம் இருக்கும். எல்லை தாண்டிச் சுறா பிடித்தேன் என்று கேஸ். தாண்டினேன், இல்லை என்று சொல்லவில்லை. அவன் முதலில் விளக்கு அடித்தான். அப்புறம் மைக்கில் கத்தினான். நான் நிற்காமல் ஓட்டினேன். போட்டுக்கு முன்னால் தண்ணீரில் சுட்டான். நின்றேன். ஏறிவந்து பார்த்தான், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். ஐந்து மாசம் ஜெயில். அவர்கள் கொடுத்த சோற்றை நாய் தின்னாது. ஆனாலும் மூன்று தடவை கோர்ட்டில் நிறுத்தினார்கள். கறுப்புக் கோட்டுப் போட்ட கிழவன் ஒருவன் மேலே இருந்து, மொழிபெயர்க்க ஆள் வைத்து, என்னைக் கேட்டான்: உன் பேர் என்ன? நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா?

நாலு சுறாவுக்கு மூன்று விசாரணை, வக்கீலம்மா. நாலு மனுஷனுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

அதுதான் முறை. விளக்கு அடி, கூப்பிடு, முன்னால் சுடு, ஏறிப் பார், பிடி, கோர்ட்டில் நிறுத்து. பவுடர் இருந்தால் தூக்கில் போடு, நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வள்ளத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கொளுத்தினால், அது என்ன? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்களே போனில். ம், விசாரணையற்ற கொலை. அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

டீ குடியுங்கள். ஆறிவிடும்.

என்ன கேட்டீர்கள்? உள்ளூர்த் தகவலா? யார் கொடுத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கேட்க வேண்டியது உங்கள் வேலை, கேட்டீர்கள். பார்த்ததைச் சொல்ல வேண்டியது என் வேலை. பார்த்ததைச் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு இருபது நாள் இருந்தது. கரையில் இருந்து ஐந்து நாள் ஓட்டத்தில் கிடந்தோம். என் போட்டில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். அதே கடலில், பத்து மைல் தெற்கே, பனவிளைப் போட்டு. அதற்கு ஸ்ராங்கு கிளீட்டஸ். அவன் என்னிடம் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன். அப்புறம் பிணங்கிக்கொண்டு போய் அவன் ஊர்ப் போட்டில் ஏறினான். வாய்க்காரன். என்னைக் கண்டால் வயர்லெஸில் சும்மா இருக்க மாட்டான். "ஓய் கிழட்டு ஸ்ராங்கே, இன்னும் உயிரோட கிடக்கீரா? கடல்ல மீனு தப்பிச்சுப் போகுது, உம்ம கண்ணுல படாம." நானும் சொல்வேன், "லேய், நீ பிடிக்கிறது என் போட்டுல தின்ன சோத்து ருசியிலதாம்லே." பத்துப் போட்டுக்காரனும் கேட்டுச் சிரிப்பான். விரோதம் என்று எழுதிவிடாதீர்கள். அது விரோதம் இல்லை.

நீங்கள் ஒரு காரியம் புரிந்துகொள்ள வேண்டும். கோர்ட்டுக்கும் புரிய வைக்க வேண்டும். வயர்லெஸில் எங்கள் ஆள் எவனும் உண்மை சொல்ல மாட்டான்.

சிரிக்காதீர்கள். மீன் கண்டவன், "இங்கே ஒண்ணுமில்ல, நீரோட்டம் இழுக்கு, கயிறு அறுந்துபோச்சு" என்பான். மீன் இல்லாதவன், "கொள்ளை மீனு, வாங்கடே" என்று கூப்பிட்டு, எல்லாரும் வந்ததும் அவர்கள் விட்டுவந்த இடத்துக்கு ஓடுவான். எஞ்சின் கோளாறு, திமிங்கிலம், நேவி செக்கிங், எல்லாம் சொல்வோம். என் அப்பன் காலத்தில் வயர்லெஸ் கிடையாது, பாயை இறக்கி வைத்து மீன் இல்லாத மாதிரி நடிப்பார்கள். எல்லாரும் பொய் சொல்வது எல்லாருக்கும் தெரியும். அதனால் அதில் எவனுக்கும் நஷ்டம் கிடையாது. அது ஒரு மரியாதை மாதிரி. இந்தக் கரையில் என்னை மாதிரிப் பொய் சொல்ல ஆள் இல்லை என்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. நாங்கள் பேசிக்கொள்கிற எட்டாம் சேனலில் என் குரல் கேட்டால், நான் போகாதே என்று சொன்ன திக்குக்கு நாலு போட்டு வரும். அப்படி ஆகிப்போனது.

பதினாறாம் சேனல் வேறு. அது உயிர் போகிற சேனல். முங்குகிறவன் கூப்பிடுகிற சேனல். எல்லா நாட்டுக் கப்பலும் அதைத் திறந்து வைத்திருக்கும். பதினாறில் எவனும் பொய் சொல்ல மாட்டான். பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரிந்த சட்டம் அது.

இதை எழுத வேண்டாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

வள்ளம் எரிவதற்கு இரண்டு நாள் முன்பு அந்தக் கப்பல் எங்களைக் கடந்து போனது. சாம்பல் நிறம். கொடி தெரியவில்லை, மூன்று நாலு நாடு சேர்ந்து சுற்றுகிறார்களாம். பதினாறில் ஒருவன் பேசினான். முதலில் இந்தி, அப்புறம் மலையாளம், அப்புறம் தமிழ். நல்ல தமிழ், ரயில் ஸ்டேஷனில் சொல்கிற மாதிரி. ‘மீனவர்களின் கவனத்திற்கு. சந்தேகத்திற்கிடமான படகுகளைக் கண்டால் தெரிவிக்கவும்.’ எங்கள் பையன்கள் சிரித்தார்கள். "ஸ்ராங்கே, உம்மப் பத்திச் சொல்லட்டுமா? உம்ம மூஞ்சியே சந்தேகம்தானே" என்றான் என் எஞ்சின்காரன் லூர்தாசன். நானும் சிரித்தேன்.

அந்த மாதிரிக் கப்பல்மேல் எனக்கு அப்போது கோபம் கிடையாது. அதற்கு முந்தின மாசம் டீக்கடை டி.வி.யில் காட்டினார்கள். வேறு எங்கோ கடல். மேலே இருந்து எடுத்த படம். ஒரு வள்ளம் போகிறது, வெளிச்சம், அப்புறம் வள்ளம் இல்லை. எங்கள் மேற்குத் தெருவில் ஒருவன் பவுடர் இழுத்து, பெற்ற தாயின் கையை உடைத்தவன் இருக்கிறான். நான் மேஜையில் தட்டி, "அப்படித்தான் வேணும்" என்று சொன்னேன். கடையில் எல்லாரும் சொன்னார்கள். அந்த வள்ளத்தில் பவுடர் இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. டி.வி.காரன் சொன்னான், சரி என்று விட்டோம்.

வள்ளம் எரிந்த அன்றைக்குக் காலையில் எங்களுக்கு மீன் அடித்தது. சூரை. ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. தூண்டிலை இறக்க இறக்க ஏறுகிறது. பதினேழு நாள் வெறும் கயிறு இழுத்த கை. பையன்கள் அழாத குறை. வயர்லெஸில் கிளீட்டஸ் கூப்பிடுகிறான், "ஓய், சத்தத்தக் காணோமே, சாப்பாடா?" எட்டாம் சேனலில் நான் என்ன சொன்னாலும் அவன் கிளம்பி வருவான். இங்கே இல்லை என்றாலும் வருவான், உண்டு என்றாலும் வருவான். ஒன்பது வருஷம் பக்கத்தில் இருந்து கேட்டவன்.

அதனால் பதினாறில் சொன்னேன்.

ஆமாம். நான்தான்.

பேனாவைக் கீழே வையுங்கள். வைத்துவிட்டுக் கேளுங்கள்.

எட்டில் இருந்து பதினாறுக்குத் திருப்பினேன். இடத்தைச் சொன்னேன், டிகிரி, மினிட் எல்லாம் சரியாகச் சொன்னேன். "இந்த இடத்துல பவுடர் வள்ளம் ஒண்ணு சுத்துது. ஆயுதம் இருக்கும்போலத் தெரியுது. ஒருத்தரும் கிட்ட வராதீங்க, நாங்க ஓடுறோம்." கொஞ்சம் நம்பும்படி இருக்கட்டும் என்று, "நீல வள்ளம், ரெண்டு எஞ்சின், நிறைய கேன் ஏத்தியிருக்கு, வலை ஒண்ணும் காணல்ல" என்றும் சொன்னேன். பவுடர் வள்ளத்தை நான் ஜென்மத்தில் கண்டதில்லை. வள்ளம் என்றால் என் கண் முன்னால் வருவது எங்கள் கரை வள்ளம்தான். நீலம். இரண்டு எஞ்சின். அதைச் சொன்னேன்.

என் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். லூர்தாசன் மட்டும் சிரிக்கவில்லை. "பதினாறுல போட்டு இப்படிச் சொல்லலாமா ஸ்ராங்கே" என்றான். "வேலையப் பாருலே" என்றேன்.

கப்பல்காரன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரியுமா என்று கேட்கப்போகிறீர்கள். தெரியும். இரண்டு நாள் முன்னால் அவன் பேசினதைக் கேட்டேனே. ஆனால் அவன் நம்புவான் என்று தெரியாது. அறுபத்தெட்டு வயதுக்கு என் பேச்சை இந்தக் கரையில் எவனும் நம்பினது கிடையாது. பெண்டாட்டி நம்பினதில்லை. நம்பினவன் அவன் ஒருத்தன்தான்.

ஒன்றரை மணி நேரம் இருக்கும். தெற்கே இருந்து ஒரு புள்ளி. நீல வள்ளம். கிளீட்டஸ் போட்டில் ஒரு சின்ன ஃபைபர் வள்ளம் ஏற்றி வைத்திருப்பான். கிளீட்டஸ் போட்டை அங்கேயே நிறுத்திவிட்டு, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு அதில் வருகிறான். ஐந்தாறு நீலக் கேன் இருந்தது. எண்ணெய், குடிக்கிற தண்ணீர், மிதப்புக்கு வெறும் கேன். வலை எதற்கு? தூண்டில்காரன் வலையா கொண்டுபோவான்? அவன் எழுந்து நின்று துடுப்பை மேலே தூக்கிக் காட்டினான். எங்களில் அது, ‘கண்டேன், வருகிறேன்’ என்கிறது. கேலிக்கும் காட்டுவோம். ‘பிடிபட்டாயா’ என்கிற மாதிரி. மேலே இருந்து பார்த்தால் துப்பாக்கி மாதிரி இருந்திருக்குமோ என்னவோ.

ஹெலிகாப்டர் வந்த சத்தம் எனக்குக் கேட்டது. என்ன ஏது என்று யோசிக்கவில்லை. அது கூப்பிடவில்லை. விளக்கு அடிக்கவில்லை. முன்னால் தண்ணீரில் சுடவில்லை. பகல் பதினொரு மணி. வெயில். நேராக வந்தது, சுட்டது. வள்ளத்தில் எண்ணெய்க் கேன். நான் சொல்லத் தேவையில்லை.

இது வரைக்கும் எழுதலாம். இது நான் பார்த்தது.

தூண்டில் கயிற்றை வெட்டச் சொல்லிவிட்டு ஓட்டினேன். ஹெலிகாப்டர் மேலேயே நின்றது. எங்களையும் சுடும் என்று பையன்கள் பயந்தார்கள். சுடவில்லை. உதவவும் இல்லை. பார்த்துக்கொண்டே நின்றது, அப்புறம் போய்விட்டது. மூன்று பேர் இல்லை. ஒரு துண்டும் இல்லை. கிளீட்டஸ் கேனைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். எங்கள் போட்டில் தூக்கிப் போட்டோம். தோல் கையோடு வந்தது.

ஒரு மணி நேரம் இருந்தான். நினைவு இருந்தது. என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான்.

"பதினாறுல சொன்னீரே ஓய்" என்றான். "பதினாறுல போய்ப் பொய் சொல்லுகாருன்னா, அப்ப மீனு சும்மா இல்ல, கடலே மீனாத்தான் கிடக்கும்னு நெனச்சேன். உம்ம மூஞ்சியப் பாக்கணும்னு நானே வந்தேன்."

விளங்குகிறதா? கடல் முழுக்க என் பேச்சைக் கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் அது பொய் என்று தெரிந்து வந்தான். ஒருவன் அது மெய் என்று நம்பி வந்தான்.

அப்புறம் கேட்டான், "எவ்வளவு பிடிச்சீரு?"

கீழே ஐஸ் அறையில் அறுபது சூரை கிடந்தது.

"ஒண்ணுமில்லடே" என்றேன்.

வாயில் வந்துவிட்டது. அப்போதும் அதுதான் வந்தது. அவனுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, "சரி ஸ்ராங்கே" என்றான். அதோடு சரி.

மீனை எல்லாம் கடலில் கொட்டினோம். பிணம் கிடக்கிற ஐஸில் மீன் போட மாட்டோம். ஐந்து நாள் அவனை அந்த ஐஸில் கிடத்திக் கொண்டுவந்தேன். வரும் வழியில் ரேடியோவில் செய்தி சொன்னான். கடத்தல் படகு அழிப்பு. இடத்தையும் சொன்னான். டிகிரி, மினிட். நான் சொன்ன அதே நம்பர், ஒன்று மாறவில்லை. போட்டில் பத்துப் பேரும் கேட்டார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. சொல்லாதே என்று நான் எவனிடமும் சொல்லவில்லை. எவனும் சொல்லவும் இல்லை. கரைப் போலீஸ் கேட்டபோது, வள்ளம் எரிந்தது, பார்த்தோம் என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. அதில் பொய் கிடையாது.

டெல்பினா, கிளீட்டஸ் பெண்டாட்டி, மாசா மாசம் வருகிறாள், தெரியுமா? முதல் ஞாயிறு, பூசை முடிந்து. ஒரு சீப்புப் பழம், இல்லாவிட்டால் கிழங்கு. "மாமா, ஒங்களாலதான் எனக்கு ஒரு கல்லறையாவது இருக்கு. மத்த மூணு பேருக்கும் அதுவும் இல்லியே" என்பாள். வாங்கி வைத்துக்கொள்வேன். அவள் மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் பவுடர் என்று கூப்பிடுகிறார்களாம். பேரே அதுதானாம் இப்போது. பனவிளைப் போட்டுக்காரர்கள் கிளீட்டஸ் உண்மையிலேயே ஏதோ செய்திருப்பான் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கவர்மென்ட் சொல்கிறதே, சும்மாவா சொல்லும் என்கிறார்கள். டீக்கடையில் நான் பேசின பேச்சுதான் அது. திரும்பி வருகிறது.

அதனால்தான் உங்களுக்குப் போன் போட்டேன். பார்த்ததைச் சொன்னால் போதும், அவர்கள் பேர் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். நம்பகமான தகவல் என்று ஒன்றை அந்தக் கப்பல்காரன் எழுதுவான் என்று நான் கண்டேனா? இப்போது என்ன, அந்தத் தகவல் பொய் என்று உடைத்தால்தான் கேஸ் நிற்குமா? உடைக்க என்னை விட்டால் ஆள் இல்லையா?

இல்லை. எனக்கும் தெரியும். நீங்கள் வருவதற்கு முந்தியே தெரியும்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன், அது தப்பு. தப்பு என்றுதான் சொல்கிறேன். ஒரு கிழவன் வயர்லெஸில் எதையோ சொன்னான் என்று, அவன் யார், குடித்திருக்கிறானா, பைத்தியமா, ஒன்றும் கேட்காமல், நாலு பேரைக் கொல்லலாமா? என்னைத் திருப்பிக் கேட்டிருந்தால், ‘இது யார் பேசுவது’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் வாயை மூடியிருப்பேன். கேட்கவில்லையே. அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருக்க வேண்டுமா இல்லையா?

சரி. பேனாவை எடுங்கள்.

சொன்ன நேரம், காலை ஒன்பதரை. சேனல் பதினாறு. சொன்னவன் மத்தியாஸ். வார்த்தைக்கு வார்த்தை சொல்கிறேன், எழுதுங்கள். நீல வள்ளம். ரெண்டு எஞ்சின். நிறைய கேன். லூர்தாசன் தடுத்ததையும் போடுங்கள், அவனுக்காவது நல்ல பேர் கிடைக்கட்டும்.

எழுதிவிட்டீர்களா? வாசியுங்கள்.

‘தவறுதலாகத் தெரிவிக்கப்பட்ட தகவல்.’ அது என்ன? தவறுதலாக ஒன்றும் தெரிவிக்கவில்லை. பொய். பொய் என்று எழுதுங்கள். எதற்காக என்றும் எழுதுங்கள், மீனுக்காக.

பனவிளையில்தான் என் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன், உங்களுக்குத் தெரியாது இல்லையா. கிளீட்டஸ் வீட்டுக்கு மூன்றாவது வீடு. அதைக் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டாம்.

இல்லை, கையெழுத்து இப்போது இல்லை. பொறுங்கள். கோர்ட்டு வாசிப்பதற்கு முந்தி கேட்க வேண்டிய ஆள் வாசலில் இருக்கிறது. பேப்பர் பறந்துவிடும், டம்ளரை மேலே வையுங்கள். நீங்கள் வர வேண்டாம். இதற்கு வக்கீல் தேவையில்லை.

பிள்ளை எழும்பிவிட்டதுபோல இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள மட்டும் வேண்டுமானால் வாருங்கள். இல்லை, வேண்டாம். இருங்கள்.

நான் திரும்பி வந்ததும் போடுகிறேன். கையெழுத்து வராவிட்டால் பெருவிரல் வைக்கலாமா? வைக்கலாம் இல்லையா. மை இருக்கிறதா பாருங்கள்.

அவள் ஆட்டோவைத் திருப்பச் சொல்லிப் போய்விட்டால், நீங்கள் பஸ்ஸில்தான் போக வேண்டும். நாலரைக்கு ஒன்று உண்டு.